மழைக்கு முன் நாலு டயர்

செங்கல்பட்டு,
புரட்டாசி கடைசி வாரம், 2025

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசப் பேச நீ "சரி மாமா, சரி மாமா" என்பாய். கடைக்காரன் முன்னால் போய் நின்றதும் அவன் சொல்வதற்கும் "சரிங்க, சரிங்க" என்பாய். உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். மடித்து டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொள். கடையில் யாராவது உன்னைக் குழப்பினால் எடுத்துப் படி.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் 225/45 ஆர்18 95ஒய், பின்னால் 255/40 ஆர்18 99ஒய். நாலும் ரன்-ஃபிளாட், நாலிலும் பக்கவாட்டில் சின்ன நட்சத்திரக் குறி. பின் டயர் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்கிறாய். ரன்-ஃபிளாட்டே போட வேண்டுமா என்று கேட்கிறாய். உன்கூட வேலை பார்க்கும் பையன் ரேஸ் டயர் போடச் சொல்கிறான் என்கிறாய். வளவள என்று இழுக்காமல் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலையும் மாற்று. தீபாவளிக்குள் மாற்று. ஈரத்தில் பிடிக்கிற டயராகப் பார்த்து வாங்கு. பெயர், பெருமை, விலை எல்லாம் அதற்கப்புறம்.

உன் வண்டியைப் பற்றி எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. அது ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அக்காவிடம் சொல்லிவிடு: அந்த பி.எம்.டபிள்யூ எம்340ஐ கோர்க்கப்பட்டது நம்ம பரனூர் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில். பி.எம்.டபிள்யூ அங்கே 2007-ல் ஆலை திறந்தது. 2021 மார்ச்சில் இந்த எம்340ஐ வந்தபோது, 'எம்' வரிசைக் கார் ஒன்று இந்தியாவில் கோர்க்கப்பட்டது அதுவே முதல் தடவை. மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 நொடி. சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் பிறந்த வண்டிதான். ஆனால் அதன் காலுக்குச் செருப்பு மட்டும் சீமையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் தேய்மானம். நீ எடுத்த படங்கள் எல்லாம் வெளிப்பக்கமாக நின்று எடுத்தவை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரி வண்டிகளில் பின் சக்கரம் செங்குத்தாக நிற்காது. வளைவில் பிடிமானம் வேண்டும் என்பதற்காக, மேல்பக்கம் உள்ளே சாயும்படி வைத்திருப்பார்கள். அதனால் உள் ஓரம்தான் முதலில் தேயும். அலைன்மென்ட்டும் கொஞ்சம் தவறிப்போனால் கேட்கவே வேண்டாம், அந்த ஓரத்தை அரம் போட்டு ராவின மாதிரி ராவிவிடும். என் கடை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி எத்தனையோ வண்டிகளை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். வெளி ஓரத்தில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டை, ஜோராக நிற்கும், நடுவிலும் தேவலை. உள் ஓரத்தை விரலால் தடவினால் ரப்பரே இருக்காது. நூல் நூலாக வலை தெரியும், அதற்கும் கீழே கம்பி பளபளக்கும். வண்டிக்காரர் நம்ப மாட்டார். குனிந்து பார்த்த பிறகு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதனால் நீ முதலில் செய்ய வேண்டியது, வண்டியை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்திலும் ஆழம் அளக்கச் சொல்வது. அளக்கும் கருவி சட்டைப் பையில் அடங்கும், எந்த நல்ல கடையிலும் இருக்கும். அந்த மூன்றில் எது குறைவோ அதுதான் அந்த டயரின் கணக்கு. சராசரி எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. மோட்டார் வாகன விதிப்படி காருக்கு 1.6 மி.மீ. பட்டன் இருந்தால் போதும். பட்டன்களுக்கு நடுவில் ஓடும் காடிக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், அந்த உயரம் அதுதான். பட்டன் தேய்ந்து மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அது சட்டத்தின் கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐப்பசி கார்த்திகையில் ஓட்டுகிற உனக்கு என் கணக்கு 3 மி.மீ. பின் டயரில் 2 இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருந்தாய். எந்த இடத்தில் அளந்தார் என்று கேட்டாயா?

அடுத்து, இரண்டா நாலா. முன் டயரில் இன்னும் 4 மி.மீ. இருக்கும்போது அதை ஏன் கழற்ற வேண்டும் என்பது உன் நியாயம். வேறு வண்டியாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். உன் வண்டி நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற வண்டி. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு பெட்டி, அதற்குள் கிளட்ச். முன் சக்கரமும் பின் சக்கரமும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் சுற்ற வேண்டும் என்று எதிர்பார்த்துச் செய்தது அது.

அளவைப் போட்டுப் பார். 225-ல் 45 சதவீதம் பக்கச் சுவர், அதாவது 101 மி.மீ.; 18 அங்குல டிஸ்க்கையும் சேர்த்தால் விட்டம் 659.7 மி.மீ. பின்னால் 255-ல் 40 சதவீதம், 102, விட்டம் 661.2. அகலம் வேறு, ஆனாலும் உயரம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகிறது. தற்செயலாக அமைந்ததில்லை, கணக்குப் போட்டு வைத்தது. இப்போது பின்னால் புதிசு, முன்னால் பாதி தேய்ந்தது என்று மாட்டினால் முன் டயரின் விட்டம் ஏழு மில்லிமீட்டர் குறைந்து நிற்கும். இந்த அளவுச் சக்கரம் கிலோமீட்டருக்குச் சுமார் 480 சுற்று சுற்றும். அதில் முன்னுக்கும் பின்னுக்கும் ஐந்தாறு சுற்று வித்தியாசம் விழும். செங்கல்பட்டிலிருந்து புதுச்சேரி போய்ச் சேருவதற்குள் ஐந்நூறு சுற்றுக்கு மேல் அந்தக் கிளட்ச் வழுக்கிக்கொடுத்தே தீர வேண்டும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பெட்டி போனால் அதற்கு ஆகிற செலவில் டயரே இன்னும் பல செட் வாங்கிவிடலாம். முன் டயர் இரண்டையும் தூக்கிப் போடுகிறோமே என்று வயிறு எரிந்தால் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்.

அதே காரணத்தால், பின்னால் கொஞ்சம் குண்டாகப் போட்டால் கெத்தாக இருக்கும் என்று யாராவது 255/45 நீட்டினால் வாங்காதே. அதன் விட்டம் 687 மி.மீ. கெத்து இரண்டு நாள் இருக்கும், பெட்டி பல்லை இளித்துவிடும். நாலும் ஒரே கம்பெனி, ஒரே பேட்டர்ன். இதில் பேரமே இல்லை.

இனி மழை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீ போகிற தடத்தை நினைத்துப் பார். வாரத்தில் பாதி நாள் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், பூஞ்சேரி வழியாக மாமல்லபுரம். மீதி நாள் அங்கிருந்து கோவளம், முட்டுக்காடு. முதல் தடத்தில் ஊருக்கு ஊர் வேகத்தடை, ஆட்டுக்கிடை, தேர் வீதிக் கூட்டம்; அங்கே 387 குதிரையில் நாற்பதுக்குக்கூட வேலை இல்லை. இரண்டாவது தடத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். நேரான சாலை, வண்டி தானாகவே வேகம் பிடிக்கும். காற்றடித்தால் கடல் மணல் தாருக்கு மேல் மெல்லிசாகப் படியும். அதன்மேல் மழை விழுந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் சக்கரம் ஓடி ஓடிப் பள்ளமான தடத்திலேயே நிற்கும். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தானே கரையைக் கடந்தது. அந்த மாதிரி நாளில் நீ வண்டியையே எடுக்க மாட்டாய், தெரியும். எனக்குப் பயம் புயல் நாளைப் பற்றியில்லை; சாதாரண ஐப்பசி மாலையில் சட்டென்று கொட்டிவிட்டு நிற்கும் பத்து நிமிட மழையைப் பற்றித்தான்.

சாலையில் 3 மி.மீ. தண்ணீர் நிற்கிறது, நீ 90-ல் போகிறாய் என்று வை. 225 மி.மீ. அகலமுள்ள உன் முன் டயர் ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குச் சுமார் 17 லிட்டர் தண்ணீரை விலக்கித் தள்ள வேண்டும். ஒரு குடம் தண்ணீர், ஒரு நொடியில், ஒரு டயர்! காடிதான் அதற்கு வழி. கொளவாய் ஏரிக்குக் கலங்கல் எப்படியோ, டயருக்குக் காடி அப்படி; அது தூர்ந்தால் தண்ணீர் தன் இஷ்டத்துக்குப் போகும். தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்துவிட்டால் ரப்பர் தாரைத் தொடாது. ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிடும், பிரேக் மிதித்தாலும் வண்டி நேராகப் போய்க்கொண்டே இருக்கும். அகலமான டயரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். காய்ந்த ரோட்டில் அகலம்தான் ராஜா, நனைந்த ரோட்டில் அதே அகலம் படகு.

விமானம் இறங்கும்போது ஈர ஓடுபாதையில் வழுக்குவதைப் பற்றி நாசா ஆராய்ந்து 1963-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கு. வருவது, காடி தேய்ந்த டயர் தேங்கிய தண்ணீரில் மிதக்க ஆரம்பிக்கிற வேகம், கிலோமீட்டரில். 33 பி.எஸ்.ஐ. இருந்தால் ஏறக்குறைய 96. அதே டயரில் காற்று 25-க்கு இறங்கிக் கிடந்தால் 83. நல்ல ஆழமான காடி இருந்தால் மிதக்கும் வேகம் மேலே போகும். டயர் என்ன விலையானாலும் காற்று குறைந்தால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கை எழுதினேன். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிறது, அதனால் ஈரத்தில் பயமில்லை என்று அந்தப் பையன் சொல்லியிருப்பானே? கிளம்புவதற்கு அது உதவும். நிற்பதற்கு உதவாது. பிரேக் பிடிக்கும்போது உன் வண்டியும் ஷேர் ஆட்டோவும் ஒன்றுதான், ரப்பரை நம்பித்தான் நிற்க வேண்டும்.

யூடியூபில் வெள்ளைக்காரர்கள் சம்மர் டயர், வின்டர் டயர், ஆல்-சீசன் என்று பேசுவதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சம்மர் டயரின் ரப்பர் விறைத்துக்கொள்ளும், அதனால் அவர்களுக்கு அந்தக் கவலை. செங்கல்பட்டில் மார்கழிப் பனியிலும் அந்தக் குளிர் கிடையாது. நமக்கு இருப்பது வெயில், அடைமழை என்று இரண்டே பருவம், இரண்டுக்கும் நல்ல சம்மர் டயர்தான் சரி. அந்தப் பெயரைப் பார்த்து மழைக்கு ஆகாது என்று நினைக்காதே; ஈரத்தில் பிரேக் பிடிக்கிற சோதனைகளில் பெரும்பாலும் முன்னால் நிற்பது அவைதான்.

அந்தப் பையன் சொல்கிற ரேஸ் டயர் வேறு ஜாதி. ரப்பர் மிருதுவாக இருக்கும், காடி குறைவாக இருக்கும். சூடேறினால் தாரில் ஒட்டிக்கொள்ளும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. அங்கே போய்ச் சுற்றுகிறவர்களுக்கு அது தங்கம். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலிருந்தே நம்ம பக்கத்துப் பையன்களுக்கு இந்தப் பைத்தியம் உண்டு. நானும் அங்கே போய் வெயிலில் காய்ந்தவன்தான், குறை சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை டிராக்குக்குப் போவதற்காக மீதி நாளெல்லாம் குறைந்த காடியோடு முட்டுக்காடு பாலத்தைத் தாண்டுவதா? நல்ல சாலை டயரையே போட்டுக்கொண்டு டிராக்குக்குப் போ. இரண்டு நொடி மெதுவாகச் சுற்றுவாய். யார் கேட்கப் போகிறார்கள்?

ரன்-ஃபிளாட் விஷயத்தில்தான் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். அதன் பக்கச் சுவர் தடிமன். காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும். உன் டிக்கியில் ஸ்டெப்னி கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு சதுரங்கப்பட்டினம் தாண்டி ஒரு ஆணி ஏறினால் பஞ்சர் கடை திறந்திருக்காது, அது உனக்கும் சரி எனக்கும் சரி. அந்த வகையில் ரன்-ஃபிளாட் ஒரு தைரியம்.

மறுபக்கத்தையும் பார். அந்தத் தடித்த சுவர் வளைந்து கொடுக்காது. வேகத்தடையின் அடியை டயர் வாங்காமல் அப்படியே டிஸ்க்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் உன் முதுகுக்கும் தள்ளிவிடும். பள்ளத்தில் விழுந்து பல்ஜ் வந்தால் ரன்-ஃபிளாட்டும் குப்பைக்குத்தான்; உன் பின் இடது டயரில் வந்திருக்கிறதே, அந்த வீக்கம். காற்றில்லாமல் ஓட்டிய ரன்-ஃபிளாட்டுக்கு உள்ளே எவ்வளவு சேதம் என்று வெளியே தெரியாது. நல்ல கடைக்காரர் பஞ்சர் போடத் தயங்குவார், தயங்குவதுதான் நியாயம். சாதா டயரில் நடுப்பட்டையில் ஏறிய ஆணிக்கு உள்பக்கம் மஷ்ரூம் பேட்ச் போட்டால் காலத்துக்கும் நிற்கும். நம்ம ரோட்டில் வருகிற பஞ்சரில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

என் யோசனை, சாதா டயருக்கு மாறிவிடு. டிக்கியில் ஒரு சின்னக் கம்ப்ரசரும் ஓட்டை அடைக்கும் திரவமும் வைத்துக்கொள். டயரின் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் இந்தக் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய அரசே 2020 ஜூலையில் விதியைத் திருத்திவிட்டது. ஆனால் கிட்டு ஆணி ஓட்டைக்குத்தான். பக்கச் சுவர் கிழிந்தால் லாரியில் ஏற்றிக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு ரோட்சைடு உதவியைப் புதுப்பித்து வைத்துக்கொள். மாற்றுவதற்கு முன்னால் ஒன்று: வண்டிக்கு வாரன்டி பாக்கி இருந்தால், ரன்-ஃபிளாட்டிலிருந்து சாதாவுக்கு மாறுவதால் ஏதாவது பாதிக்குமா என்று சர்வீஸில் கேட்டு மெயிலில் பதில் வாங்கு. வாய்ப்பேச்சு வேண்டாம். ராத்திரி நேரத் தைரியம்தான் பெரிசு என்று உனக்குத் தோன்றினால் ரன்-ஃபிளாட்டே போடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இரண்டையும் கலந்து மட்டும் போடாதே.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் நிற்கிறது, ஒன்றுக்கும் சக்கரம் கிடையாது. பல்லவனுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

சரி, எந்தக் கம்பெனி? நீ நினைக்கிற அளவுக்கு இது பெரிய கேள்வி இல்லை. என் கை முதலில் போவது மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் பக்கம். உன் இரண்டு அளவும் அதில் உண்டு, ஈரத்தில் நம்பலாம், வண்டியின் குணமும் கெடாது. கான்டினென்டல், பிரெல்லி, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா எதுவும் மட்டமில்லை. உள்ளூரில் பார்த்தால் வ்ரெடஸ்டைன்: நெதர்லாந்துப் பெயர், ஆனால் 2009-லிருந்து நம்ம அப்பல்லோவின் கையில் இருக்கிறது, 2021-ல் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். இரண்டு அளவும் ஒரே பேட்டர்னில் கிடைத்தால் தைரியமாக யோசிக்கலாம்.

டயர் சீமையிலிருந்து வரும் கதைக்கு வருகிறேன் என்றேனே. நம்மைச் சுற்றி எத்தனை டயர் ஆலை! ஓரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே.யும் சியட்டும், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். அந்த எம்.ஆர்.எஃப்.பை மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாக ஆரம்பித்தார். 1952-ல் லாரி டயருக்கு ரீட்ரெட் ரப்பர் செய்யத் தொடங்கிய பிறகுதான் நாட்டையே பிடித்தது. என் பிழைப்பும் அந்த ரீட்ரெட் ரப்பரில்தான் ஓடியது. ஆனால் இவர்களுக்கெல்லாம் சோறு போடுவது லாரியும் பஸ்ஸும் பைக்கும் சின்னக் காரும். 18 அங்குலத்தில் முன்னும் பின்னும் வேறு வேறு அகலம் கேட்கிற வண்டி நாட்டில் எத்தனை ஓடுகிறது? அதனால் இந்த அளவுக்கு நாம் இன்னமும் பெரும்பாலும் இறக்குமதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்கும் 2020 ஜூனில் அரசு கட்டுப்பாடு வைத்தது. லைசென்ஸ் இல்லாமல் புது டயர் இறக்குமதி செய்ய முடியாது. உள்ளூர் ஆலைகளுக்கு நல்லது. உன்னைப் போன்றவர்களுக்குத்தான் இன்று இருக்கும் டயர் நாளை இருக்காது, இருப்பதும் குடோனில் எத்தனை நாள் கிடந்ததோ என்ற சந்தேகம்.

அதனால் தேதியைப் பார். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 1825 என்றால் 2025-ன் 18-வது வாரம். சில டயர்களில் அது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், மாட்டின பிறகு உள்பக்கம் போய் மறைந்துவிடும். டிஸ்க்கில் ஏற்றுவதற்கு முன்னால் நாலையும் தரையில் போடச் சொல்லி நீயே படி, போனில் படம் எடுத்துக்கொள். ஒரு வருஷத்துக்கு உட்பட்டது என்றால் சந்தோஷமாக வாங்கு, இரண்டு வருஷம் என்றால் விலையைக் குறைக்கச் சொல், அதற்கும் மேலே போனால் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பார். அது இல்லாமல் "துபாய் சரக்கு, பாதி விலை" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடு.

95ஒய், 99ஒய் என்பதற்குக் கீழேயும் இறங்காதே. 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ சுமக்கும், 99 என்றால் 775. 'ஒய்' 300 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்று பொருள். நான் எங்கே 300-ல் போகிறேன் என்பாய். உன் வண்டியைக் கம்பெனியே 250-க்கு மேல் போகாமல் கட்டித்தான் வைத்திருக்கிறது. வேகத் தகுதி என்பது சூட்டைத் தாங்கும் தகுதியும்தான். அக்னி நட்சத்திரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டுத் தாரில் நாலு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வரை போகும்போது அது தெரியும். நட்சத்திரக் குறி, பி.எம்.டபிள்யூ சொன்னபடி செய்த டயருக்குப் போடுவது. இருந்தால் நல்லது. மற்ற எல்லாம் பொருந்தி அது மட்டும் இல்லையென்றால் நான் விட்டுவிடுவேன்.

விலை பேசும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும். செப்டம்பர் 22-லிருந்து டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. முன்பு 128 ரூபாய் கொடுத்த இடத்தில் இப்போது 118. பழைய விலைப் பட்டியலை எடுத்து நீட்டினால் பில்லில் வரியைத் தனியாகக் காட்டச் சொல்.

மாட்டும் இடத்தில் நீ நில். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போய்விடாதே. கேட்காமலேயே வால்வைப் புதிதாக மாற்றுகிறார்களா என்று பார். உன் வண்டியில் உள்ளே சென்சார் இருந்தால் அதை உடைக்காமல் கழற்றத் தெரிந்த ஆளா என்று முதலிலேயே கேட்டுவிடு. டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறியோ 'வெளிப்பக்கம்' என்ற எழுத்தோ இருக்கும், அது சரியாக மாட்டப்பட்டதா என்று சுற்றி வந்து பார். போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடித்துவிடாமல் கடைசியில் டார்க் ஸ்பேனரால் இறுக்கச் சொல். அப்புறம் அலைன்மென்ட், நாலு சக்கரத்துக்கும். பின் சக்கர அளவுகளையும் சேர்த்து, சரிசெய்வதற்கு முன்னும் சரிசெய்த பின்னும் எவ்வளவு என்று காட்டும் பிரின்ட்டைக் கையில் வாங்கு. இதைச் செய்யாவிட்டால் புது டயரின் உள் ஓரமும் பழையது போன வழியிலேயே போகும். நைட்ரஜனுக்குத் தனிக் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

காற்று எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஸ்டிக்கரில் இருக்கும். சாதா டயருக்கு மாறினாலும் அதிலிருந்தே ஆரம்பி. காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் அள. பத்து டிகிரி சூடு ஏறினால் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும், மத்தியானம் மாமல்லபுரத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து பங்க்கில் அளந்துவிட்டு "ஜாஸ்தியாக இருக்கிறது" என்று இறக்கினால் மறுநாள் காலையில் குறைந்து நிற்கும். மழைக்காலத்தில் அது என்ன செய்யும் என்று மேலே கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

புது டயரில் முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் அடக்கி ஓட்டு. அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசும் வழவழப்பு மேல்தோலில் இருக்கும், அது தேய்ந்து போகட்டும். அடுத்த நாளே திருப்போரூர் வளைவில் பரீட்சை வைக்க வேண்டாம்.

பழைய நாலில் பின் இடதுக்குப் பல்ஜ், பின் வலது உள் ஓரம் எப்படி என்று தெரியாது. அவற்றைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தால் சில இடங்களில் காடியைக் கத்தியால் கீறி ஆழமாக்கி, கறுப்பு அடித்து, செகண்ட்ஸ் என்று வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவார்கள். அந்த ஆள் குடும்பத்தோடு மேல்மருவத்தூர் போகிறவராக இருக்கலாம். அதனால் நீ அங்கே நிற்கும்போதே அந்த இரண்டின் பக்கச் சுவரையும் கட்டர் போட்டு அறுக்கச் சொல். காசு கேட்டால் கொடு. முன் டயர் இரண்டும் 4 மி.மீ., பல்ஜ் இல்லை என்றால் அறுக்க வேண்டாம், வீட்டுக்கு எடுத்து வா. என் கடையை எடுத்து நடத்துகிறவனிடம் காட்டி, உள்ளே பார்த்து, அதே அளவு போடுகிற வண்டி யாருக்காவது இருந்தால் நியாய விலைக்குக் கொடுத்துவிடலாம்.

வருகிற ஞாயிறு காலையில் நான் சும்மாதான் இருப்பேன். கடைக்குப் போகும்போது கூப்பிட்டால் வருகிறேன். ஆனால் நான் பேச மாட்டேன், நீதான் பேச வேண்டும். வரும்போது அக்காவிடமிருந்து அந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை வாங்கி வா, உன் அத்தை போன மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா